மஞ்சள் துணியில் கட்டிய ஷூ

எங்கள் வீட்டில் பாலைக் காய்ச்சுவதற்கு முன்னால் சந்தேகப்படுவோம். பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் அத்தை ஒரு சொட்டைக் கட்டைவிரல் நகத்தின் மேல் விட்டு, ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்ப்பாள். ஓடினால் தண்ணீர். நின்றால், "இன்னைக்கி மாவு கலந்துட்டான்" என்பாள். அது நல்ல பாலாகவும் இருக்கலாம் என்று அவள் ஒருநாளும் சொல்லிக் கேட்டதில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. வாக்கப்பட்டது உள்ளூரிலேயே, அடுத்த தெருவில். தாத்தாவும் ஆயாவும் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அப்பாவையும் சித்தப்பாவையும் வளர்த்து ஆளாக்கியது அவள்தான். அந்த உரிமையில் சாப்பாடும் அதிகாரமும் எங்கள் வீட்டில் நடந்தன. தூங்குவதற்கு மட்டும் அவள் வீட்டுக்குப் போவாள். அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டி டயர் கடை வைத்திருந்த அப்பா, லாரி டிரைவர்களிடம் குரலை உயர்த்திப் பேசுவாரே தவிர, அக்காவிடம் பேசிக் கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தை என்னை உளவு வேலைக்கு எடுத்திருந்தாள். கூலி, முறுக்கு. பக்கத்து வீட்டில் யார் வந்தார்கள், கடைக்காரன் தராசை எப்படிப் பிடித்தான் என்பதையெல்லாம் நான் பார்த்து வந்து சொல்ல வேண்டும். அம்மாவைப் பற்றியும் சில சமயம் கேட்பாள். அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அவள் பேசுவதே குறைவு.

அந்தக் கோடையில் சித்தப்பாவுக்குப் பெண் அமைந்தது. சித்தப்பா ஓசூரில் வேலை பார்த்தார். பெண் அரூர்ப் பக்கம். "பொண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போவுதுங்க" என்று தரகர் சொன்னபோது அத்தை அதை மட்டும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் என் அம்மாவும் கல்யாணத்துக்கு முன் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போனவள்தான். அது பனியனும் நைட்டியும் தைக்கிற இடம் என்று எங்கள் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. அம்மா நன்றாகத் தைப்பாள். அத்தையின் ரவிக்கைகள் எல்லாமே அம்மா தைத்தவை. உடம்பு போட்டுவிட்டதே, கொஞ்சம் பிரித்துவிடலாம் என்று அத்தை ஊசியோடு உட்கார்ந்தால் தையல் லேசில் பிரியாது. "துணியத் தெக்கச் சொன்னா செருப்பத் தெச்சு வெச்சிருக்கறா பாரு" என்று திட்டுவாள். நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அம்மா மட்டும் சிரிக்க மாட்டாள்.

வரவேற்புக்கு மாப்பிள்ளையின் கோட்டு சூட்டும் ஷூவும் பெண் வீட்டுச் செலவு என்பது எங்கள் பக்கம் வழக்கமாகிவிட்டிருந்தது. கல்யாணத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே பெண்ணின் தம்பி அரூர் பஸ்ஸில் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுத்தான். கோட்டைப் பார்த்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஷூ டப்பாவைத் திறந்ததும் எல்லோரும் நெருங்கி வந்தோம். உள்ளே இரண்டு வெள்ளைத் துணிப்பைகள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு கறுப்பு ஷூ. அப்படி ஒரு பளபளப்பை நான் அதுவரை ஷூவில் பார்த்ததில்லை. குனிந்து பார்த்தால் அதன் மூக்கில் என் முகமும், தலைக்கு மேலே ஃபேன் சுற்றுவதும் தெரிந்தன.

"இது பேட்டன்ட் லெதருங்க. மேல பூச்சு குடுத்திருக்கும். அக்காவே பாத்து எடுத்ததுங்க" என்றான் அந்தப் பையன்.

அவன் காபி குடித்துவிட்டுப் போகிறவரை அத்தை பொறுத்திருந்தாள். அவன் தலை மறைந்ததும் ஷூவை எடுத்து உள்ளே மூக்கை நுழைத்தாள்.

"மாட்டுத் தோலுன்னா மாட்டு வாசன அடிக்க வேணாமா? ஒண்ணுத்தையும் காணமே" என்றாள். ஒரு சொட்டுத் தண்ணீரை அதன் மேல் விட்டாள். அது உருண்டு கீழே விழுந்தது. "தோலுன்னா தண்ணியக் குடிக்கும். இது குடிக்கல. பூச்சுன்னு அவனே சொல்லிட்டுப் போறான். பூசி மெழுகறதுன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? இது பிளாஸ்டிக்கு. நம்மள இளிச்சவாயன்னு நெனச்சுக்கிட்டானுங்க."

அடுத்த சோதனைக்குத் தீப்பெட்டியை எடுத்தாள். அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து அம்மா, "தீக்குச்சி வேண்டாமுங்க அண்ணி" என்றாள். அப்பாவும் "உடுக்கா, நெருப்ப வெச்சா எதுதான் எரியாது" என்றதால் ஷூ பிழைத்தது.

ஆனால் அத்தைக்கு வேறொன்று உறுத்தியது. அந்த இரண்டு பைகள்.

"கல்யாண வூட்டுக்கு ஜோடியப் பிரிச்சுத் தனித்தனிப் பையில போட்டா அனுப்புவாங்க? புத்தியிருக்கறவங்க செய்யற காரியமா இது?" என்றாள். போதாததற்கு ஷூ கறுப்பு. சுபகாரியம் நடக்கிற வீட்டில் கறுப்புச் சாமான் சும்மா கிடக்கக் கூடாது. அவளே ஒரு பழைய வேட்டித் துண்டை மஞ்சள் கரைசலில் முக்கி, காயவைத்து எடுத்து வந்தாள். இரண்டு ஷூவையும் பக்கத்தோடு பக்கம் சேர்த்து அணைத்து வைத்து, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டி, முடிச்சில் குங்குமமும் வைத்தாள். பார்ப்பதற்கு நேர்ந்துகொண்டு முடிந்து வைத்த காணிக்கை மாதிரியே இருந்தது. அதைத் தகரக் கூரை போட்ட பின்னறையில், பீரோவின் உச்சியில் வைத்தாள். சித்திரை வெயிலில் அந்த அறைக்குள் நுழைந்தாலே தலை சுற்றும். வெள்ளைத் துணிப்பைகள் இரண்டும் நல்ல துணியாக இருந்ததால் ஒன்றில் மிளகையும் மற்றதில் சீரகத்தையும் போட்டுக்கொண்டாள்.

"தனித்தனியா, காத்தாட வெச்சாப் போதுமுங்க அண்ணி. சூட்டுல ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கும்" என்றாள் அம்மா.

"ஷூ ஒட்டிக்குமா? உனக்கு யாரு சொன்னா?"

அம்மாவின் முகம் சட்டென்று மாறிவிட்டது. "சும்மா தோணுச்சுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அத்தை என் பக்கம் திரும்பிக் கண்ணைக் காட்டினாள். பிறகு முறுக்கைக் கொடுத்துக்கொண்டே தன் கணக்கைச் சொன்னாள். புதுசா வரப்போறவ அதிக நகையோட வர்றா, படிச்சவ. மூத்தவளுக்கு வயிறு எரியத்தானே செய்யும்? "உங்கம்மா மேல ஒரு கண்ணு வெச்சுக்க கண்ணு."

நான் வைத்தேன். வைத்ததும் அம்மா நிஜமாகவே சந்தேகத்துக்குரியவளாகிவிட்டாள். சந்தேகத்தின் குணமே அப்படித்தான் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்த சித்தப்பா ஒரு டப்பா கறுப்பு பாலிஷும் பிரஷ்ஷும் வாங்கி வந்தார். மண்டபத்துக்குக் கிளம்பும்போது நன்றாகத் தேய்த்து விடலாம் என்று பேச்சு. அடுத்த நாள் பாலிஷ் டப்பாவைக் காணவில்லை. வெல்லம் தேடப் போன நான்தான் அதைக் கண்டுபிடித்தேன். ராகி மாவு டின்னுக்குள், மாவுக்கு அடியில், பிளாஸ்டிக் காகிதத்தில் சுற்றிப் புதைத்து வைத்திருந்தது. அந்த டின்னைத் தொடுகிற ஆள் எங்கள் வீட்டில் அம்மா ஒருத்திதான். அது இருந்த இடத்திலேயே நான் திரும்பப் புதைத்துவிட்டு, மேல்மாவைத் தட்டிச் சமன்படுத்தினேன். கிடைத்த சேதியை உடனே கொண்டுபோய்க் கொட்டினால் உளவாளிக்கு மதிப்பிருக்காது என்று எனக்கு நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன்.

பிறகு, பனிக்காலத்தில் என் உதட்டுக்குப் போடுகிற வாசலின் டப்பா காணாமல் போனது. நல்ல வெயில் காலத்தில் வாசலின் யாருக்கு வேண்டும்?

ஒரு மத்தியானம் அப்பா கடையில் இருந்தார், அத்தை தருமபுரிக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போயிருந்தாள். நான் தூங்குகிறேன் என்று நினைத்து அம்மா பின்னறைக்குப் போனாள். பீரோ உச்சியிலிருந்து மஞ்சள் மூட்டையை இறக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். நான் கதவிடுக்கில் கண்ணை வைத்தேன்.

முடிச்சை அவிழ்த்ததும் அம்மா "ஐயோ" என்றாள். சத்தம் வரவில்லை, வாய் மட்டும் அசைந்தது. இரண்டு ஷூவும் பக்கவாட்டில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. நானாக இருந்தால் பிடித்து இழுத்திருப்பேன். அம்மா இழுக்கவில்லை. அவற்றைத் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிழலான தரையில் வைத்துவிட்டு, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தொட்டுப் பார்த்து, சூடு ஆறியது தெரிந்ததும், ஓரத்தில் கட்டைவிரல் நுனியைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பிரிந்துவிட்டன. ஆனால் இரண்டின் உள்பக்கத்திலும் ஓரிடத்தில் பளபளப்புப் போய் மங்கிவிட்டது. நடுவில் சிக்கிய மஞ்சள் துணி மடிப்பின் நூல் வரிகூட அங்கே பதிந்திருந்தது.

அம்மா அதன் மேல் வாயால் ஆவி ஊதினாள். என் பழைய மெத்தென்ற பனியனால் துடைத்தாள். இடுப்பிலிருந்து என் வாசலினை எடுத்து, ஊசிமுனை அளவு விரலில் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். அம்மாவின் கைகள் அவ்வளவு வேகமாக, அவ்வளவு நிச்சயமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை. சோறு வடிக்கும்போதுகூட அவள் அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வடிப்பாள். கதவிடுக்கில் தெரிந்தவள் வேறு யாரோ. எனக்குப் பயமாக இருந்தது. அத்தை சொன்னது சரிதான், அம்மா ஷூவுக்கு என்னவோ செய்கிறாள் என்று நினைத்தேன்.

கதவு கிறீச்சிட்டுவிட்டது. அம்மா திரும்பினாள்.

"அத்தைகிட்ட சொல்லாத சாமி" என்றாள். அதட்டவில்லை, கெஞ்சினாள். ஏன் என்று கேட்டேன். இரண்டு ஷூவுக்கும் நடுவில் மடித்த பனியனை வைத்து, மஞ்சள் துணியை மேலே தளர்வாகச் சுற்றி, முடிச்சில் மறக்காமல் குங்குமத்தை வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் அத்தை மூட்டையைப் பிரித்தாள். சித்தப்பா லீவில் வந்திருந்தார், அப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். பனியன் எப்படி உள்ளே போனது என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. மங்கின இடத்தை உடனே கண்டுபிடித்துவிட்டாள். அவள் கண்ணுக்குத் தப்ப முடியுமா?

"பாத்தியாடா? உருகியிருக்குது! தோலு எங்கனாச்சும் உருகுமா? பிளாஸ்டிக்குதான்டா உருகும்!" அவள் குரலில் கோபத்தைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது. "ஷூவுலயே ஏமாத்தறவன் நகையில ஏமாத்த மாட்டானா? இன்னைக்கே போன் போடு. நகைய மொத்தமாக் கொண்டாரச் சொல்லு. நம்ம ஆசாரிகிட்டக் குடுத்து உரசிப் பாத்துட்டுத்தான் மத்ததெல்லாம். முடியாதுன்னா கல்யாணமே வேணாம்."

நகையை உரசிக் காட்டச் சொல்வது பெண் வீட்டாரைத் திருடர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான். மானமுள்ள எந்தத் தகப்பனும் அதற்குப் பிறகு பெண் கொடுக்க மாட்டான். அது எனக்கே தெரிந்திருந்தது. சித்தப்பாவின் முகம் செத்துவிட்டது. ஊருக்கு வந்திருக்கும் நாட்களில் சாயங்காலமானால் அந்தப் பெண்ணோடு பேச செல்போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரப் புளியமரத்தடிக்குப் போய்விடுகிறவர் அவர். "ஒரு ஷூவுக்காவாக்கா?" என்றார். வளர்த்தவளை எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தைக்கு செல்போன் எண்கள் சரியாகத் தெரியாது. போனை என் கையில் கொடுத்து, "அரூருக்குப் போடு கண்ணு" என்றாள். நான் தேட ஆரம்பித்தேன்.

"போனக் கீழ வைய்யி."

சொன்னது அம்மா. அத்தை இருக்கும்போது அம்மா அந்த வீட்டில் ஒரு கட்டளை போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அத்தையின் எதிரில் நின்றாள்.

"அது தோலுதாங்க அண்ணி. நல்ல தோலு."

"உனக்கெப்பிடித் தெரியும்?"

அதே கேள்வி. அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள், பிறகு வேறெதையோ சொல்கிற குரலில் சொன்னாள்.

"கெடுத்தது நாந்தானுங்க. ஆசையா எடுத்துப் பாத்துட்டு அடுப்பு மேடை மேல வெச்சு மறந்துட்டேன். சூடு பட்டுருச்சு. அவங்க மேல தப்பில்லைங்க." என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியில்ல? பாத்தத அத்தைகிட்ட சொல்லு."

சொல்லாதே என்று கெஞ்சியவளே சொல் என்கிறாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பார்த்ததைச் சொன்னேன். அம்மா மூட்டையைப் பிரித்தாள், ஷூவில் என்னவோ தடவிக்கொண்டிருந்தாள் என்றேன். அடுப்பு மேடையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தண்ணீர்ப் பானையைச் சொல்லியிருப்பேன்.

அத்தைக்கு அதுவே போதுமாக இருந்தது. சந்தேகம் ஆளை மாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். அரூர்க்காரர்கள் ஒரே நொடியில் நல்லவர்களாகிவிட்டார்கள். "நாஞ் சொல்லல? வயித்தெரிச்சல்! ஓரகத்தி வர்றதுக்கு முன்னயே ஆரம்பிச்சுட்டா" என்று அன்று சாயங்காலம்வரை ஓயவில்லை. அப்பா கையைக் கழுவிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். அம்மாவிடம் எதையும் கேட்காமல் அவர் போனது எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவருக்கு என்ன தெரியும், எவ்வளவு தெரியும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

அதன் பிறகு கல்யாணச் சாமான் எதையும் அம்மா தொடக் கூடாது என்றாகிவிட்டது. முகூர்த்தப் புடவை, தாலித் தட்டு, குத்துவிளக்கு, எதையும். மூத்த மருமகள் மண்டபத்தில் பந்தி நடக்கும் பக்கமே நின்றாள். சொந்தக்காரர்கள் ஷூவின் கதையைக் காதோடு காதாகச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் அம்மாவின் மேல் கோபமாகத்தான் இருந்தது. மேடையில் சித்தப்பா அந்த ஷூவோடு நின்றார். பாலிஷ் டப்பா கடைசிவரை வேறு யாருக்கும் அகப்படாததால் அது பாலிஷ் போடாமலேயே விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. கெட்ட இடம் உள்பக்கமாக இருந்ததால் ஒரு போட்டோவிலும் விழவில்லை.

கல்யாணம் முடிந்து, விருந்தெல்லாம் முடிந்து, சித்தியும் சித்தப்பாவும் ஓசூருக்குக் கிளம்ப வேண்டிய நாள். அத்தை முன்னறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறையின் பின்வாசலில் உட்கார்ந்திருந்தேன். சித்தி ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மங்கின இடத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இத யாருங்க சரி பண்ணுனது?"

"ஏம்மா, என்ன?"

"ஒட்டுனதப் பிச்சு இழுத்திருந்தா பூச்சு மொத்தமா உரிஞ்சிருக்கும். ஆற வெச்சுத்தான் பிரிச்சிருக்காங்க. பாலிஷும் போடல. போட்டிருந்தா இந்தப் பளபளப்பே போயிருக்கும்."

அம்மா தேங்காயைச் சில்லு போட்டுக்கொண்டிருந்தாள். சித்தி ஷூவைக் கீழே வைத்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பினாள். ஆள்காட்டி விரலில் ஒரு பழைய தழும்பு உண்டு. தையல் மிஷின் ஊசி ஏறியது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். சித்தி அதையே பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, நீங்க எந்த யூனிட்டு?"

அம்மா முன்னறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். தேங்காயை மிக்ஸியில் போட்டு ஓடவிட்டாள். அந்தச் சத்தத்துக்குள் சித்தியின் காதில் என்னவோ சொன்னாள். சித்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். அம்மாவுக்குச் சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வழிந்தது. தேங்காய் எப்போதோ அரைந்துவிட்டது. மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது.

நான் காலேஜில் சேர்ந்த வருஷம் சித்திதான் எனக்கு விஷயத்தைச் சொன்னாள். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்து ஊர்களிலிருந்து விடியும் முன்னே பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர்ப் பக்கம் போகிற கம்பெனி பஸ்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் அம்மா அதில் போய்த்தான் ஷூவுக்கு மேல்தோல் தைத்தாள். பின்னாளில் அதே பஸ்ஸில் சித்தி போய் ஷூக்களில் குறை பார்க்கும் வேலை செய்தாள். வெளிநாட்டுக்குப் போகிற சரக்கு என்பதால் எக்ஸ்போர்ட் கம்பெனி என்று சொன்னதில் பொய்யில்லை. என்ன சரக்கு என்பதை மட்டும் இருவரின் பிறந்த வீட்டிலும் விழுங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்களுக்குத் தோலைக் காலில் போட்டுக்கொள்வது கௌரவம், கையால் தொட்டு வேலை செய்வது கேவலம். தோல் தைத்த கை ஆக்கிப் போட்ட சோற்றைத்தான் இத்தனை வருஷமும் மூன்று வேளையும் தின்றோம் என்று தெரிந்திருந்தால், அத்தை அதன் பிறகு எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடித்திருப்பாளா என்பது சந்தேகம். அது அம்மாவுக்குத் தெரியும். அதனால்தான் தோல் தெரிந்தவள் என்ற பெயரைவிட வயிறு எரிந்தவள் என்ற பெயர் போதும் என்று முடிவு செய்தாள். அந்தப் பெயர் இன்றும் அவளுக்கு இருக்கிறது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். இவர்கள் இருவரும் முன்னமே பழக்கமானவர்கள். என்னவோ கூட்டுச் சதி. மிக்ஸி நின்றதும் அத்தை என்னை முன்னறைக்குக் கூப்பிட்டாள். முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு பேரும் உள்ள என்னா பேசிக்கிட்டாங்க?"

"ஷூவப் பத்தி. அம்மாவுக்குக் கண்ணுல தண்ணியா வந்துச்சு."

"சும்மா சொல்லாத. இம்மா நேரமா? ஷூவப் பத்திப் பேசி அழுவறதுக்கு என்னா கெடக்குது?"

அத்தை என்னையே சந்தேகமாகப் பார்த்தாள். அன்று எனக்கு முறுக்கு கிடைக்கவில்லை. அத்தை கேட்டது நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் தோன்றியது. ஷூவைப் பற்றிப் பேசி அழுவதற்கு என்ன இருக்கிறது?